அப்பா பக்கத்து பிரேக்

ஏப்ரல் 21, திங்கள்

அப்பா வலது கால் கட் ஷூவுக்குள் ஒரு புளியங்கொட்டையோடு காலை முழுவதும் நடந்தார். பால் வாங்கினார். முடி வெட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரோடு வாசலில் நின்று மழை வருமா என்று பேசினார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது கொட்டை உருண்டு படியில் விழுந்தது. அதைக் குனிந்து பார்த்தார்.

"கோகிலா, புளி கொட்டை எடுத்தியா? இங்கொண்ணு கெடக்குது பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான்.

மாடிப்படியில் ஒளிந்து உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு குறும்பு பலிக்காமல் போவது எனக்குப் புதிது. பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் லீவில் கை துருப்பிடித்துவிட்டது போல. என் பெயர் மௌனிகா. வைத்தவர்கள் பிறகு எவ்வளவோ வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எங்கள் குடும்பத் தொழில் 'நிதானம் டிரைவிங் ஸ்கூல்', கோபி டவுன். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு கார். காருக்கு என்னைவிட வயது அதிகம், மரியாதையும் அதிகம். நான் அதை 'மூத்தவள்' என்று கூப்பிடுவேன். அம்மாவுக்குப் பிடிக்காது. அது மூதேவிக்குப் பேராம். அப்படியென்றால் இளையவளான நான் யார் என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

மூத்தவளுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் வலது பக்கம் உட்காருவார். அவருக்கு மூன்று பெடல். அப்பா இடது பக்கம். அவருக்கு ஒரே பெடல், அதுவும் பிரேக். இரண்டு பிரேக்கையும் அடியில் ஒரு இரும்புக் கம்பி சேர்க்கிறது. வலப்பக்கத்து ஆள் பயத்தில் மிதிக்க மறந்தால் இடப்பக்கத்து ஆள் மிதிப்பார். நாங்கள் சோறு சாப்பிடுவது அந்த ஒரு பெடலில்.

இன்று புதிதாகச் சேர்ந்தவர் பர்வீன் டீச்சர். எனக்கு இரண்டு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவரைச் சத்தியமங்கலத்துக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் நேரம் ஒத்துவரவில்லை, அதனால் கார் பழகுகிறார். என்னை ஆபீஸ் மேசையில் பார்த்ததும் நாற்காலியில் உட்காராமல் முதலில் கையால் தடவிப் பார்த்தார். பழைய விவகாரம். நிரூபிக்கப்படவில்லை.

"இவ வண்டிக்குள்ள வருவாளாண்ணா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"பின்னாடி உக்காந்து பழகட்டுமுங் டீச்சரம்மா. லைசென்ஸ் வயசு வர்றதுக்குள்ள காதுல உழுந்தாத்தானே."

"அவளுக்குக் காதுல விழுந்து நான் பார்த்ததே இல்லையே."

வகுப்பு முடிந்து அப்பா இறங்கும்போது முகம் சரியில்லை. "பிரேக்கு பஞ்சாட்ட எறங்குது" என்றார்.

அப்பா சொன்னால் சொன்னதுதான். கோபியில் சென்னியப்பன் கால் என்றால் அதற்கு ஒரு பேர் உண்டு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் அப்பாவைக் கூட்டிப்போய் ஒரு மிதி மிதிக்கச் சொல்வார்கள். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பிரேக்கைத் தொட்டு, கண்ணை மூடி, எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்வார். ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதும் வெறுங்கால்தான். "ஷூவப் போட்டுட்டு பிரேக்க மிதிக்கறது, கையுறை மாட்டீட்டுச் சோறு பெசையறாப்பல" என்பது அவர் வசனம். சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே இலவசமாகக் கிடைக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

வெள்ளிங்கிரி அண்ணன் பட்டறை. பழுதான வண்டி ஒன்று உள்ளே நுழைந்தால் அவர் முகம் பந்தியில் ஜிலேபி வருவதைப் பார்த்தவர் முகம் போல ஆகிவிடும்.

பிரேக் குழாய்களுக்குள் இருப்பது எண்ணெய். அதற்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். ஏனென்றால் எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். எங்கள் வீட்டில் அம்மா எண்ணெய், அப்பா காற்று. காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு திருகாணியைத் திறந்து மூட வேண்டும். மிதிக்க என்னை உட்காரவைத்தார்கள்.

"மிதி அம்மிணி!"

"மிதிச்சுட்டனுங்ணா."

"புடி!"

"புடிச்சுட்டனுங்ணா."

"விடு!"

"விட்டுட்டனுங்ணா."

ஒரு மணி நேரம் இதே உரையாடல். நான் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. பிரேக்கில் விளையாடக் கூடாது என்ற அளவுக்கு நான் வளர்க்கப்பட்டிருக்கிறேன். அடியிலிருந்து நுரை நுரையாக எண்ணெய் வந்தது, அப்புறம் நுரை நின்றது, அப்புறம் பெடல் என் காலுக்கடியில் கல்லாக நின்றது. உண்மையிலேயே காற்று இருந்திருக்கிறது. சென்னியப்பன் காலுக்கு இன்னொரு வெற்றி.

அப்பா இடது பக்கம் ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

"இங்க இன்னும் பஞ்சாட்டத்தான் இருக்குது."

வெள்ளிங்கிரி அண்ணன் வலது பக்கம் மிதித்தார். கல். அப்பா இடது பக்கம் மிதித்தார். பஞ்சு. நடுவில் இருப்பது ஒரே கம்பி.

"உங்க காலு சொன்னா அதுக்கு மேல பேச்சில்லீங்ணா. கம்பி புஷ்ஷு தேஞ்சிருக்கும்" என்றார் வெள்ளிங்கிரி அண்ணன். முகத்தில் இரண்டாவது ஜிலேபி.

ஏப்ரல் 26, சனி

கம்பி மூட்டில் இருக்கும் புஷ் வளையத்தை மாற்றியாயிற்று. பஞ்சு.

ஏப்ரல் 29, செவ்வாய்

அப்பாவின் ஷூவுக்குள் சோடா பாட்டில் மூடி. மனிதாபிமானம் கருதி வழவழப்பான பக்கத்தை மேலே வைத்தேன். வகுப்புக்குப் போகும் நேரம் தவிர நாள் முழுக்க அந்த ஷூவோடுதான் இருந்தார். மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்தார். நான் பின்னாலேயே போனேன். நொண்டவில்லை, நிற்கவில்லை, ஷூவைக் கழற்றி உதறவில்லை. வழியில் எனக்கு இளநீர்கூட வாங்கிக் கொடுத்தார்.

இப்போது புரிந்துவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் தெரிகிறது. தெரியாத மாதிரி நடிக்கிறார். இவ்வளவு பெரிய நடிகரோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். மரியாதை கூடிவிட்டது.

மே 3, சனி

பிரேக்குக்கு எண்ணெய் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். பஞ்சு. சக்கரத்துக்குப் போகிற ரப்பர் குழாய்களை மாற்றினார்கள். பஞ்சு.

அம்மா தன் வைத்தியத்தைத் தொடங்கினாள். மூத்தவளைச் சுற்றி வரமிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். பழம் நசுங்கியது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

மிதித்தார்.

"பஞ்சு."

"கண்ணு பட்டது வண்டிக்கில்ல போலிருக்குது" என்றாள் அம்மா. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "மாத்திரை தின்னீங்களா?" என்றாள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. பல வருடமாக உண்டு. எங்கள் வீட்டில் அது இன்னொரு உறவினர் மாதிரி. வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், யாரும் அதனிடம் பேசுவதில்லை.

"தின்னாச்சு, தின்னாச்சு" என்றார் அப்பா.

மே 6, செவ்வாய்

கோபியில் பஞ்சு பரவுகிறது.

காலையில் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கும் முன் அப்பாவின் காலுக்குக் காட்ட வந்தார். அப்பா மிதித்தார். "பஞ்சு. வாங்காதீங்க" என்றார். விற்க வந்தவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மத்தியானம் என் மாமா, ஷோரூம் வாசனை போகாத புதுக் காரில் மாலையோடு வந்தார். அப்பாவை மரியாதைக்கு ஒரு மிதி மிதிக்கச் சொன்னார். அப்பா மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார்.

"மாப்ள, இதும் பஞ்சாட்டத்தான் இருக்குது."

"நேத்துத்தான் எடுத்தனுங் மச்சான்!"

வெள்ளிங்கிரி அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "இப்ப வர்ற வண்டியெல்லாம் அப்படித்தானுங்ணா, தகரமும் செரியில்ல, எண்ணெயும் செரியில்ல" என்றார். மாமாவின் கார் மாலையோடு பட்டறைக்குப் போனது.

எல்லா உறுப்பிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பொதுக் காரணியாக வெளியே எடுக்க வேண்டும் என்று பர்வீன் டீச்சர் பத்தாயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஏனோ இன்று ஞாபகம் வந்தது. ஆபீஸ் மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன்.

மே 8, வியாழன்

ரிசல்ட். பாஸ். கணக்கில் எவ்வளவு என்று பர்வீன் டீச்சர் கேட்டார். கிளட்ச் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். இருவரும் அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மே 12, திங்கள்

டீச்சர் வகுப்புக்கு வரும் முன் மூத்தவள் வெயிலில் நின்றிருந்தாள். அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். இடது பக்கத்துப் பிரேக்கை நான் ஒருமுறையும் மிதித்ததில்லையே என்று ஏறி உட்கார்ந்தேன். அப்பா மாதிரியே செருப்பைக் கழற்றி விட்டு மிதித்தேன்.

அந்தப் பெடலில் ரப்பர் தேய்ந்து போய் வெறும் இரும்பு. மேலே நேராக வெயில். தோசைக்கல்லில் காலை வைத்த மாதிரி. நான் கத்திய கத்தலில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கி யாருக்கு அம்மிணி?" என்றார். என்னிடம் இந்த ஊர் வேறு எதையும் எதிர்பார்ப்பதில்லை.

கர்சீப்பை வைத்து மறுபடி மிதித்தேன். கல். வலது பக்கத்துக்குத் தாவி மிதித்தேன். கல். இடது. கல்.

அப்பா வந்தார். ஷூவைக் கழற்றினார். அந்தப் பெடலின் மேல் வெறுங்காலை வைத்தார். வகுப்பு முடியும் வரை எடுக்கவில்லை. டீச்சருக்கு கியர் மாற்றும் கதை ஒன்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

நான் பின்னால் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பென்றால் இவ்வளவா.

மே 13, செவ்வாய்

ஷூவில் எதுவும் வைக்கவில்லை.

மே 15, வியாழன்

அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் தூங்கினார். பாதம் என் பக்கம் இருந்தது. நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. பாதம் அங்கே இருந்தது, எனக்குக் கண் இருந்தது.

நடுப் பாதத்தில் வட்டமாக ஒரு தடம், பழுப்பாக. விரல்களுக்குக் கீழே ஒரு கொப்புளம், உடைந்து, ஓரம் வெளுத்து.

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பார்த்துவிட்டு அப்பாவை எழுப்பினாள். "இதென்னங்க? எப்ப சுட்டுக்கிட்டீங்க?"

"எது?" அப்பா காலை மடக்கிப் பார்த்தார். "அட. செருப்புக் கடிச்சிருக்கும்."

"அது பெடல் சூடுங்ப்பா. திங்கக்கெழம" என்றேன். "அந்த வட்டம் சோடா மூடி. நான் உங்க ஷூக்குள்ள வெச்சது. நீங்க அதோட மார்க்கெட்டு வரைக்கும் போய்ட்டு வந்தீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மூடிய வெச்சு நான் நடந்தனாக்கும்? எனக்குத் தெரியாமயாக்கும்? போ கண்ணு, வேற யாராச்சும் ஏமாளி இருப்பான், அவன்கிட்டச் சொல்லு."

வாழ்க்கையில் முதல்முறையாக முழு உண்மையைச் சொல்லியிருக்கிறேன். இப்படித்தான் இருக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

"சக்கரை பாக்கறதுக்குப் போலாமுங்ப்பா."

"மாத்திரை திங்கறனல்ல. அடுத்த மாசம் பாத்துக்கலாம். மொதல்ல வண்டிப் பிரேக்க செரி பண்ணோணும். டீச்சரம்மாவுக்கு டெஸ்டு வருது."

அம்மா கொப்புளத்தில் மருந்து தடவினாள். அழுத்தித் தடவினாள். தடவிக்கொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா பேப்பரில் மழைச் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

மே 16, வெள்ளி

இந்தப் பக்கத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். பேனாவின் கோளாறாக இருக்கும்.

சாயங்காலம் டீச்சருக்கு வாய்க்கால் ரோட்டில் வகுப்பு. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால், தண்ணீர் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்சீட்டில், நடுவில். டீச்சர் நன்றாகத்தான் ஓட்டினார். மூன்றாவது கியர் போட்டுவிட்டுத் தனக்குத்தானே "வெரி குட்" சொல்லிக்கொண்டார்.

பாலத்தை ஒட்டிய வண்டித்தடத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் ஆள் உயரத்துக்குப் புல்கட்டோடு குறுக்கே ஏறினார்.

"பிரேக்குங் டீச்சரம்மா" என்றார் அப்பா, சாதாரணமாக.

டீச்சர் மிதித்தார். வண்டி இன்னும் வேகமாகப் பாய்ந்தது. அவர் கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது.

"பிரேக்கு! பிரேக்கு!" அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். அவர் தொடை இறுகியது, முதுகு சீட்டில் அழுந்தியது, கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி நிற்கவில்லை.

இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்த நான் பார்த்தேன். அப்பாவின் கால் பிரேக்கில் இல்லை. பெடலுக்குப் பக்கத்தில், கீழே, தரையில் விரித்த ரப்பர் மேட்டின் மேல் இருந்தது. உயிர் போகிற வேகத்தில் மேட்டை மிதித்துக்கொண்டிருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மூத்தவள் பின்பக்கம் ஒருமுறை இடமும் வலமும் அலசி, வாய்க்கால் கரைக்கு இந்தப் பக்கமே நின்றாள். இன்ஜின் அணைந்தது. புல்கட்டுக்காரர் கண்ணாடிக்கு வெளியே கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தார்.

"ஏனுங், பாத்து வரக்கூடாதுங்ளா" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "பாத்தீங்கல்லங் டீச்சரம்மா? அடி வரைக்கும் மிதிச்சேன். பிரேக்கு சுத்தமா இல்ல. நல்லவேளை அம்மிணி கைய வெச்சா." இறங்கிப் போய் முன்சக்கரத்தை உற்றுப் பார்த்தார்.

டீச்சர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"மௌனிகா, கீழே குனிஞ்சு எதைப் பாத்தே?"

"ஹேண்ட் பிரேக்கத்தானுங் மிஸ்."

டீச்சர் சாவியைத் திருகி எடுத்தார். பிறகு சொன்னார். "விடை மட்டும் எழுதினா நான் மார்க் போடறதில்லை. உனக்கே தெரியும்."

மே 17, சனி

காலையிலேயே பட்டறை. வெள்ளிங்கிரி அண்ணன் இந்த முறை முழுசாக இறங்கிவிடுவது என்று ஜாக்கி எடுக்கப் போனார். அப்பா மூத்தவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எல்லாத்தையும் கழட்டிரு. மறுபடி பஞ்சுன்னா இத காயலாங்கடைக்குத் தள்ளீட்டு வேற வண்டி பாத்துக்கறேன். உசுரோட வெளையாடற வண்டிய வெச்சு நான் தொழில் பண்ண மாட்டேன்."

வேறு வண்டி வரும். அந்த வண்டியிலும் இதே கால் இருக்கும். பக்கத்தில் வேறொரு டீச்சர் இருப்பார். பின்சீட்டில் நான் இருக்க மாட்டேன், காலேஜில் இருப்பேன்.

"அப்பா, கழட்டறதுக்கு முன்னால ஒருக்கா உக்காருங்களே" என்றேன்.

"எதுக்கு?"

"எனக்குப் பாடம் எடுங்க. சும்மா, நின்ன வண்டியில."

அப்பாவுக்குப் பாடம் எடுக்கச் சொன்னால் போதும். ஏறி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

"மொதப் பாடம் என்னங்ப்பா?"

"கண்ணு ரோட்டுல இருக்கோணும். எந்தக் காரணத்துக்கும் குனிஞ்சு பெடலப் பாக்கக் கூடாது. பெடலு எங்க இருக்குதுன்னு காலுக்குத் தெரியோணும்."

"செரிங்ப்பா. முன்னால பாருங்க. பிரேக்குல கால வைங்க."

பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு காலை வைத்தார்.

"வெச்சுட்டீங்ளா?"

"வெச்சாச்சு."

"மிதிங்க."

மிதித்தார். தொடை இறுகியது.

"எப்படி இருக்குதுங்ப்பா?"

"பஞ்சு. நாந்தான் சொல்லீட்டே இருக்கறேன்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி. பட்டறையில் தூசி அதிகம்.

"குனிஞ்சு பாருங்ப்பா."

"குனியக் கூடாதுன்னு இப்பத்தான..."

"ஒருக்கா."

குனிந்தார். கால் மேட்டின் மேல் இருந்தது. பெடல் பக்கத்தில், தொடாமல், தன்பாட்டுக்கு நின்றிருந்தது.

இது என் வேலை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பெடலை நகர்த்திவிட்டாய், மேட்டை இழுத்துவிட்டாய், ஏதாவது. சொல்லியிருந்தால் சண்டை போடக் கையில் நாலைந்து பதில் வைத்திருந்தேன். அப்பா காலைப் பார்த்துக்கொண்டே எடுத்து, பார்த்துக்கொண்டே பெடலின் மேல் வைத்தார். மிதித்தார். எடுத்துத் திரும்ப மேட்டில் வைத்தார். மிதித்தார். மறுபடி பெடலில்.

"ரெண்டும் ஒரேமாதிரித்தான் இருக்குது, கண்ணு" என்றார். அவ்வளவு மெதுவான குரலில் அப்பா பேசி நான் கேட்டதில்லை.

வெளியே ஜாக்கி கிறீச்சிட்டது. அப்பா தலையை வெளியே நீட்டினார்.

"வெள்ளிங்கிரி, ஜாக்கிய எறக்கிரு. வண்டியில ஒண்ணுமில்ல."

"அதெப்படிங்ணா? உங்க காலு சொல்லுதுல்ல?"

"காலு சொல்றத இனி கேக்காத" என்றார் அப்பா.

வெள்ளிங்கிரி அண்ணனுக்குப் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வண்டியைக் கழற்றாமல் அனுப்பினார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மே 19, திங்கள்

ஈரோட்டில் சர்க்கரை ஆஸ்பத்திரி. அப்பா, அம்மா, நான். பஸ்ஸில் போனோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து டிரைவரின் பிரேக்கைக் குறை சொல்லாமல் வந்தது இதுவே முதல்முறை.

டாக்டரம்மா அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதன் நுனியால் பாதத்தில் அங்கங்கே தொடுவாராம், தெரிந்தால் சொல்ல வேண்டுமாம்.

கட்டை விரலைத் தொட்டார். அப்பா பேசவில்லை. குதிகால். பேசவில்லை. நடுப் பாதம். பேசவில்லை. அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார், வாய்தா கேட்க நினைக்கிற ஆள் மாதிரி. டாக்டரம்மா இழையை எடுத்துவிட்டுக் குறிப்பு எழுதத் திரும்பினார்.

"தெரியுதுங்" என்றார் அப்பா.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நான் இப்பத் தொடலீங்களே."

"இல்லீங், தெரிஞ்சுது. சுண்டுவெரல்ல."

நான் பிடிபட்டபோதெல்லாம் பேசிய அதே குரல். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள். அம்மா இப்போது கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, "ஏனுங்க, பரீட்ச இல்லீங்க இது" என்றாள்.

அதற்கப்புறம் அப்பா உண்மையே பேசினார். வலது காலில் ஒன்றும் தெரியவில்லை. இடது காலில் கொஞ்சம்.

நரம்பு மரத்துவிட்டதாம். ஒரே நாளில் வந்ததில்லையாம். திரும்பி வரும் என்று சொல்ல முடியாதாம், மேலே போகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். மெத்தென்ற ஷூ போட வேண்டும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது, தினமும் யாராவது பாதத்தைப் பார்க்க வேண்டும்.

"வண்டி?" என்றார் அப்பா.

"இப்போதைக்கு ஓட்டக் கூடாதுங்க."

"நான் ஓட்டறதில்லீங். பக்கத்துல உக்காந்து பிரேக்கு மட்டும்..."

"அதுதாங்க கூடவே கூடாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா தன் வலது காலை நீட்டி வைத்து, திருவிழாவில் தொலைந்து கிடைத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்தேன். வரவில்லை. இளநீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

மே 20, செவ்வாய்

பாதம் பார்க்கும் வேலைக்கு நான் விண்ணப்பித்தேன். வேறு யாரும் போட்டியிடவில்லை. இரண்டு பாதமும் பார்த்தேன். கொப்புளம் ஆறி வருகிறது. ஷூவைத் தலைகீழாகப் பிடித்து உதறிய பிறகே அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா வாங்கி, தானும் ஒருமுறை உதறினார்.

"எனக்கு உன்னத் தெரியும்" என்றார்.

மே 26, திங்கள்

அப்பாவிடம் ஓட்டிப் பழகி, பிறகு சான்றிதழ் வாங்கி ஈரோட்டில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த மோகனப்பிரியா அக்கா இன்று முதல் எங்களிடம். இடது சீட் அவருக்கு. அப்பா பின்சீட்டில், என் பக்கத்தில்.

அவர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். "கல்லாட்ட இருக்குதுங்ணா. இப்படியொரு பிரேக்க நான் பாத்ததே இல்ல" என்றார்.

இருக்காதா பின்னே. எல்லாம் புதுசு.

அப்பா பின்சீட்டிலிருந்து வாயாலேயே ஓட்டினார். வாய்க்கால் ரோட்டில் பர்வீன் டீச்சர் பாலத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். ஸ்டெப் முழுசாக எழுதியதற்கான மார்க் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

டீச்சருக்கு டெஸ்ட். டெஸ்ட் கிரவுண்டில் வேப்பமரத்தடியில் அப்பாவும் நானும் நின்றோம். அப்பா காலில் தடித்த அடியுள்ள புது ஷூ. நிற்கும்போது கொஞ்சம் உயரமாகத் தெரிகிறார்; அதை நான்தான் சொன்னேன், அதற்காகவே மறுப்புச் சொல்லாமல் போட்டுக்கொள்கிறார்.

மூத்தவள் உள்ளே போனாள். டீச்சர் வலது பக்கம், அதிகாரி இடது பக்கம். வளைந்தது, பின்னால் வந்தது, மேட்டில் ஏறி நின்று பின்வாங்காமல் கிளம்பியது. கடைசியில் நேராக வந்து, நட்டிருக்கும் கொடிக்கு முன்னால் நிற்க வேண்டும். அங்கேதான் நிறையப் பேர் கொடியைச் சாய்ப்பார்கள்.

வண்டி வேகமாக வந்தது. எனக்கு வேகமாகத் தெரிந்தது. அப்பா மூச்சை இழுத்தார். கண்ணை வண்டியிலிருந்து எடுக்கவில்லை.

வண்டி நின்றது. கொடி அசையவில்லை.

"கண்ணு" என்றார் அப்பா, இன்னும் முன்னாலேயே பார்த்தபடி. "என்ர காலு இப்ப மிதிச்சுதா?"

குனிந்து பார்த்தேன். வலது ஷூவுக்கடியில் மண் நன்றாக அமுங்கியிருந்தது.

"மிதிச்சுதுங்ப்பா. நல்லாவே."

"எப்ப? டீச்சரம்மா மிதிச்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"ஒரு நொடி முன்னாலங்ப்பா."

அப்பா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று தேடினார். தேடி முடித்துத் தலையாட்டினார்.

"அப்ப பாஸு" என்றார்.

அதிகாரி இன்னும் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.